அருளப்பனின் சீசன்

வைகை கபடி அணியின் ரெய்டர்களில் யாருடைய சீசன் தலைசிறந்தது என்று டிவியில் விவாதம் நடந்தது. ஜெயிப்பவரை ஊசி போட்டு அந்த சீசன் ஆடிய வயதுக்கே திருப்பி, மறுபடி களத்தில் இறக்குவார்கள். கடைசிச் சுற்றில் இருந்தவர்கள் இரண்டே பேர்: அருளப்பனும், செத்துப்போன கோட்டைச்சாமியும்.

அருளப்பனின் மனைவி ரெஜினா சமையலறையிலிருந்து நேரலைக்குப் போன் போட்டாள். "என் வீட்டுக்காரர் எடுத்த பாயிண்டில் பாதி நடுவர் போட்ட பிச்சை. கோட்டைச்சாமிதான் சிங்கம்."

கூடத்தில் அதைக் கேட்ட அருளப்பன் சமையலறை வாசலுக்கு வந்தார். "இத்தனை வருசம் கூட வாழ்ந்துட்டு இப்படியா சொல்லுவ?"

"செத்தவரைக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க. போன வருசம் ஜெயிச்ச தாமோதரன் வீட்டுக்குத் திரும்பி, பெத்த மகளையே யாருன்னு கேட்டாரே, மறந்துட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் டிவியில் அவர் பெயரை அறிவித்தார்கள். தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. வாசலில் அணியின் வண்டி வந்து நின்றது.

ரெஜினா அவர் கையை இறுகப் பிடித்தாள். "அந்த சீசன் ஆடினப்ப நீங்க என்னைப் பார்த்ததுகூட இல்லைங்க. போகாதீங்க."

அருளப்பன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்காக அதை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.