துரை கேட்ட பாட்டு

"மனுவெல்லாம் வேணாம். படகுல பாட்டாப் பாடிடு" என்றார் சவரியப்பன். பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் கூலிக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர்.

படகோட்டி எல்லப்பனுக்கு எரிச்சலாக வந்தது. பொழுது சாய்ந்த பிறகும் கப்பல் சரக்கை இறக்கியதற்கான கூலியை, துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி திருவேங்கடம் அமுக்கிவிட்டான். அதற்குப் பாட்டா?

"ஒல்லாந்து துரைக்குத் தமிழே தெரியாதேண்ணே. பாடி இன்னா ஆவப்போவுது?"

"பாடித்தான் பாரேன்."

மறுநாள் துரையும் துபாஷியும் கப்பலுக்குப் போகப் படகேறினார்கள். துடுப்புப் போட்டபடி எல்லப்பன் தொடங்கினான்.

"ஏலேலோ... எங்க கூலிய முழுங்கினவன் எதிர்லயே குந்தினு இருக்கான்..."

மற்ற படகோட்டிகளும் சேர்ந்து பாடினார்கள். துபாஷிக்கு முகம் கறுத்தது. துரை அவனிடம் ஏதோ கேட்டார். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் பதில் சொன்னான். பூரித்துப்போன துரை, அவன் மடியிலிருந்த பணப்பையைக் காட்டி ஓர் உத்தரவு போட்டார்.

துபாஷி பையை அவிழ்த்துக் கொடுத்தது பாக்கிக் கூலிக்கு மேலேயே இருந்தது. "நாளைக்கும் இதையே பாடணுமாம்" என்று முணுமுணுத்தான்.

கரையேறியதும் எல்லப்பன் சவரியப்பனிடம் ஓடினான். "துரைக்குத் தமிழ் புரியுதுண்ணே."

"அவருக்கு எங்க புரியும்? இன்னா பாடுறாங்கன்னு துபாஷியத்தான் கேட்டிருப்பார். என்னைத் திருடன்னு பாடுறாங்க துரையேன்னு அவன் சொல்லுவானா? உங்களத்தான் புகழ்ந்து பாடுறாங்கன்னு சொல்லியிருப்பான்" என்றார் சவரியப்பன். "புகழ்ந்து பாடினவனுக்கு இனாம் தராம துரை அனுப்பினதே இல்ல. அதையும் தன் பையிலேருந்து தந்ததே இல்ல."