எடை ஏறிய குழந்தை

காலையில் எழுந்ததும் குழாயடியில் ஒரு குடம் பிடித்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். டப்பாவைத் தட்டி, அடியில் ஒட்டியிருந்த கடைசி சத்துமாவைக் கரைத்துக் காய்ச்சி, குழந்தைக்கு ஊட்டினாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மூத்த மகள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. ஐந்து வயதுக்கு மேல் மாவு கிடையாது என்பது சத்துமாவு கொடுக்கும் மையத்தின் சட்டம்.

“எனக்கும்மா?”

“இன்னிக்கு எடை போடுற நாள். புதுப் பொட்டலம் வந்ததும் உனக்குத்தான் முதல்ல.”

குழந்தைக்குக் கவுன் மாட்டினாள். போன மாதம் தொளதொளவென்று தொங்கிய கவுன் இன்று முதுகில் சேரவில்லை. ஊக்கு குத்திவிட்டாள்.

மையத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பிள்ளையின் எடை ஏறவில்லை என்றால், அம்மா மாவை விற்றுவிட்டாள் என்று முடிவு கட்டி, மாவு வாங்கும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அவளுடைய அட்டையில் போன மாதமே கடைசி எச்சரிக்கை எழுதியாயிற்று.

“உன் அட்டை எப்படியும் இன்னிக்குக் கிழியப்போகுது. எதுக்கு முன்னாடி நின்னு வழிய மறைக்கிறே?” என்றாள் பின்னால் பையனுடன் நின்றவள்.

“கிழிஞ்சா எனக்குத்தானே? உனக்கென்ன?”

“ஒரு பொட்டலம் மிச்சமாகும்ல!”

வரிசை சிரித்தது.

நர்ஸ் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

“ஒரே மாசத்துல ஒன்றரைக் கிலோவா? கல்லு கட்டித் தூக்கிட்டு வந்தியா? கழட்டு கவுனை!”

கழற்றினாள். உள்ளே ஒன்றுமில்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

“நம்ம புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. மகாராணி ஊட்டினா மட்டும் சதை போடுதாம்,” என்றாள் பின்னால் நின்றவள். “எந்த வீட்டுல திருடுறாளோ.”

நர்ஸ் முத்திரை குத்தி, பொட்டலத்தைத் தூக்கிப் போட்டாள். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழந்தையுடன் வாசலை நோக்கி நடந்தாள்.

அடுத்து, பின்னால் நின்றவளின் பையனைத் தராசில் தொங்கவிட்டார்கள். முள் போன மாதத்து எண்ணிலேயே நின்றது.

“வித்துட்டியா?”

“ஐயோ, ஒரு கரண்டிகூட நான் வாயில வைக்கலை நர்ஸம்மா. எல்லாம் இவனுக்குத்தான்…”

“பொய் சொன்னே, பல்லு பேந்துடும். அவளுக்குக் கொடுத்த அதே மாவுதானே உனக்கும்? அவ புள்ளை ஏறுது, உன் புள்ளை ஏன் ஏறலை?” நர்ஸ் அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். “ஏய், போறவளே! நில்லு. நீயே இவளுக்குச் சொல்லு. இந்த மாவை ஒழுங்கா ஊட்டினா புள்ளை தேறுமா, தேறாதா?”

வாசற்படியில் அவள் நின்றாள். தராசில் தொங்கிய பையனின் விலா எலும்புகளைப் பார்த்தாள். திரும்பி வந்து, பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“இது எதிர்வீட்டுப் புள்ளை. எம்புள்ளைக்கு இந்த மாவைத்தான் ஊட்டினேன். செத்துப் பன்னெண்டு நாளாச்சு.”