புள்ளி விழாத படம்

குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்கத் தெரிந்தவன் தருமபுரி மாவட்டத்தில் ஒரே ஒருவன்தான். அது நவநீதன் என்பதை நவநீதனே பலமுறை உறுதி செய்திருக்கிறான்.

நல்லம்பள்ளி கோயில் மண்டபத்தில் விடிகாலை முகூர்த்தம். கரண்ட் போய், குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

"ஐ.எஸ்.ஓ.வ ஏத்திடலாங்கண்ணா," என்றாள் சுசித்ரா, அவனிடம் சேர்ந்து கேமரா பிடிக்கத் தொடங்கி ஆறு மாதமே ஆனவள்.

"ஏத்துனா கேவுரு மணியத் தூவுனாப்ல படம் பூரா புள்ளி விழும். ஏத்துறவன்லாம் கத்துக்குட்டி!"

கேமராவைப் பிடுங்கி, கேமரா வெளிச்சத்தை வாங்கும் அளவான ஐ.எஸ்.ஓ.வை நூறிலேயே வைத்து, ஷட்டர் வேகத்தைக் குறைத்துச் சோதனைக்கு ஒன்று எடுத்தான். ஐயருக்கு நான்கு கைகள் விழுந்திருந்தன.

"ஆளுங்க அசையறாங்கண்ணா. தாலி கட்டறத மறுக்கா எடுக்க முடியாது."

"கலைக்காக ரெண்டு நிமிசம் செலையா இருக்கச் சொல்லு."

ஐயர் தாலித் தட்டை எடுத்தார். "நேரமாவுதுங்க. மாப்ள, கேமராவக் குடுத்துட்டு மணையில வந்து உக்காருங்க."

"படத்துல என் மூஞ்சி கலங்கியிருந்துச்சுன்னா பாத்துக்குங்க," என்றாள் மணையிலிருந்த எழிலரசி.

மாலையைச் சரிசெய்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பிய நவநீதன், ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றி, கேமராவைச் சுசித்ராவிடம் நீட்டினான்.