முப்பத்தைந்து பேருக்கு பிரெட்

திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகும் பாலாவின் மடியில் பிரெட் பாக்கெட்டுகள் இருந்தன.

காலேஜ் கேம்ப்பில் யாரும் தொடாமல் மிஞ்சியவை. தாவீது வண்டியை ஓட்ட, பின்னால் உணவுக் கமிட்டித் தலைவர் கைக்குழந்தையை அணைத்த மாதிரி பிரெட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாரோ ஒருவனின் ஹாஸ்டல் கெட்டிலில் பாலா ஒரு தடவை நூடுல்ஸ் வேகவைத்திருந்தான். அந்தத் தகுதிக்குக் கிடைத்த பதவி அது.

திருவிடந்தை சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு நாள், முப்பத்தைந்து பேர். காலையில் பிரெட், ஜாம். மதியம் பிரெட், தக்காளி சாஸ். ராத்திரிக்கு இரண்டும் தீர்ந்துபோனதால் வெறும் பிரெட். கடற்காற்று தன் பங்குக்கு மணலைத் தூவிக் கொடுத்தது.

இன்று காலை ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "அதையும் கமிட்டில சேத்துருக்கலாம்," என்றாள் அனு.

பாலாவும் சிரித்தான். பசியில் அது அவ்வளவாக வெளியே வரவில்லை.

முந்தாநாள் கேன்டீனில்தான் மெனு முடிவானது. நிறையப் பேருக்கு, எளிதாக, கெட்டுப்போகாமல். இதுதான் நிபந்தனை. லெமன் சாதம் என்றான் ஒருவன். ஸ்கூல் டூர் மாதிரி இருக்கும் என்றான் விஷால். உப்புமா என்ற சொல்லுக்கே இரண்டு பேர் எழுந்து போகப் பார்த்தார்கள். முட்டை என்றால், கேம்ப் அன்றைக்குச் சனிக்கிழமை. பிரியாணி என்றாலும் அதே சனிக்கிழமை.

அப்போதுதான் தாவீது சொன்னான். "எங்கம்மா பூண்டு போட்டுப் புளிக்கொழம்பு வெச்சுத் தரேன்னுது மச்சான். ரெண்டு நாளானாலும் ஒண்ணும் ஆவாது. அங்க போயி சோறு வடிச்சா முடிஞ்சுது மேட்டரு."

சனிக்கிழமைகூடக் குறை சொல்ல முடியாத யோசனை. சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கப் போனான்.

விஷால் குரலைத் தாழ்த்தினான். "அவன் வூடு எங்க... காலனிலயா?"

அனு போனை எடுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி நகத்தைப் பார்த்தாள். தப்பாக ஒரு வார்த்தை யாராவது பேசினார்களா என்றால், இல்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள். தலைவரை மட்டும் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் சொல்வதற்குப் பாலாவிடம் ஒரு வரி இருந்தது. தொண்டைவரை வந்தது. உள்ளே போய்விட்டது.

தாவீது இரண்டு கையிலும் டீ கிளாஸ்களோடு வந்தான்.

"அம்மாவுக்கு எதுக்குடா சிரமம்? சிம்பிளா பிரெட், ஜாம்னு முடிச்சிக்கலாம்," என்றான் பாலா. அவ்வளவு அன்பாக, அவ்வளவு அக்கறையாகச் சொன்னான். சொன்ன விதம் அவனுக்கே பிடித்திருந்தது.

"கரெக்ட்டு மச்சான்," என்று தாவீது சிரித்தான். எல்லாருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, கை கழுவும் குழாய்ப் பக்கம் போய் போன் பேசினான்.

"ம்மா, பூண்டு உரிச்சுகினு கீறியா? வுட்ரு. வாணாமாம்... இல்லம்மா, உரிச்சத வூட்டுக்கு வெச்சுக்க."

பாலாவுக்குக் கேட்டது. டீயை ஊதிக் குடித்தான். இவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று தனக்குத்தானே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டான்.

இப்போது தூரத்தில் பஞ்சர் கடை தெரிந்தது. அதை ஒட்டி இடது பக்கம் திரும்பினால் காலனி. முனையில் இருக்கும் சர்ச்சைத் தாண்டி மூன்றாவது வீடு. பாலாவுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

ஏனென்றால் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சாப்பிடுவது அங்கேதான்.

சர்ச் முடிந்து வந்ததும் தாவீதின் அம்மா சந்திரம்மா மீன் குழம்பு வைப்பாள். பெரிய துண்டு பாலாவின் தட்டுக்குத்தான் போகும். பெற்ற பிள்ளை முறைத்தால், "அவன் எளைச்சுப் போய்க் கீறான்டா, நீ அடங்கு," என்பாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான் பாலா. கேன்டீனில் சாப்பிட்டதாகச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் ஏது என்று அவன் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குத் தொண்டைவரை வந்த வரி அதுதான். நான் அவன் வீட்ல சாப்பிட்டிருக்கேன்டா.

இன்றும் ஞாயிறு. பாலா ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தரையில் உட்கார்ந்து, தட்டு முன்னால் வந்ததும், முதல் வாய்க்கு முன்னாலேயே, கேன்டீனில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத் தாவீதிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். சந்திரம்மா எதிரிலேயே சொன்னாலும் சரி.

"டேய் தாவீது, வீட்டாண்ட வண்டிய வுடு. பசி உயிர் போவுது. அம்மா கையால சாப்ட்டுட்டுப் போலாம்."

வண்டி வேகம் குறைந்தது. இடது இண்டிகேட்டர் இரண்டு தடவை மின்னியது.

பிறகு அணைந்தது.

தாவீது பாதி முகம் திரும்பினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அம்மாவுக்கு எதுக்கு மச்சான் செரமம்?"

அதே அன்பு. அதே அக்கறை. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

பஞ்சர் கடை போனது. சர்ச் சுவர் போனது. வண்டி நேராகச் செங்கல்பட்டு ரோட்டிலேயே போனது. பாலாவை இறக்கிவிட்டு இத்தனை தூரமும் தாவீது திரும்பி வர வேண்டும், தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு.

வேகத்தடை வந்த இடமெல்லாம் அவன் வண்டியை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினான்.

பிரெட் நசுங்கிவிடக் கூடாதே.