விருந்தாளி கிட்டார்

"ஒரு மணி நேரமாச்சு. பெட்டியை இன்னும் திறக்கக்கூட இல்லை. பெரிய மனுஷன்னா இவ்வளவு பந்தாவா?" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

தங்கை உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய சின்ன ஒலிப்பதிவு அறையில், சூறாவளி உட்கார்ந்திருந்தார்.

ராக் கிட்டாரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சூறாவளி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அடுத்தவர் பாட்டில் விருந்தாளியாக வந்து நாலு வரி வாசித்துக் கொடுத்தாரென்றால், அந்தப் பாட்டு உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் பாடிய பாட்டில் இருபதே நொடி வாசித்தார். இன்றைக்கு அந்த டீச்சருக்கு வகுப்பெடுக்க நேரமில்லை, அவ்வளவு கச்சேரி.

தங்கை பாட, அண்ணன் டிரம்ஸ் அடிக்க, தங்கையின் கணவன் கிட்டார் வாசிக்க, மூவரும் சேர்ந்து பதிவு செய்த ஒரு பாட்டை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். கல்லை எறிவோம், விழுந்தால் மாங்காய் என்றுதான்.

பத்தே நாளில் பதில் வந்தது. 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன்.'

அன்றிலிருந்து யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் அந்த அறையை மூன்று முறை பெருக்கினான். தங்கை சுடுதண்ணீரைத் தவிர எதையும் தொண்டையில் இறக்கவில்லை. கணவன் பழைய வயர்களை எல்லாம் மாற்றி, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலைச் சரிசெய்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் சூறாவளி பைத்தியம். பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும்.

திங்கள்கிழமை அண்ணன்தான் பேச்சை எடுத்தான்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அவர் வாசிக்கிற பாட்டுல நம்ம கிட்டார் எதுக்கு? சூரியனுக்கு முன்னால டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும். உங்க பகுதியை எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியா வெச்சுடலாமே."

"அதுவும் சரிதான்," என்றான் கணவன். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு ஒரு ஓரமா நின்னு பார்த்துட்டு மட்டும் போறேனே?" என்று கேட்டான்.

"வேண்டாங்க," என்றாள் தங்கை அவசரமாக. "கூட்டம் இருந்தா அவருக்குப் பிடிக்குமோ என்னவோ. நீங்க வேலைக்குப் போயிடுங்களேன்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். சரியென்று தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை, பத்து அடிக்கும்போது டாணென்று வந்து நின்றார் சூறாவளி. நரைத்த தாடி, சாயம் போன சட்டை, தன் கையாலேயே தூக்கி வந்த கிட்டார் பெட்டி. அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். தங்கை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பாட்டு பிரமாதம்மா," என்றார் அவர். "வர்ற வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன். எல்லாரும் வந்துடட்டும், ஆரம்பிச்சுடலாம்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்.

"அவரோட ஆளுங்க வராங்க போலிருக்கு," என்று அண்ணன் கிசுகிசுத்தான். "தனியா சவுண்ட் இன்ஜினீயர், உதவியாளர்னு ஒரு படையே இருக்கும்."

வாசலில் போய்க் காவல் நின்றான். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் எட்டிப் பார்த்தான். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நடுவே காபி கொடுத்தார்கள். ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் சிரித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியை மட்டும் தொடவில்லை.

பதினொரு மணிக்குத்தான் அண்ணன் பல்லைக் கடித்தது. தங்கை பொறுக்கமுடியாமல் வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

எடுத்த எடுப்பிலேயே, "வாசிச்சுட்டாரா? எப்படி இருந்துச்சு?" என்றான். லிஃப்ட் கூண்டின் மேல் நின்று பேசினான் போல. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எதிரொலித்தது.

"பெட்டியையே திறக்கலைங்க. நம்மளை மதிக்கலைன்னு அண்ணன் கோபமா இருக்கான்."

"சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பாட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துக்கிட்டிருப்பார். மச்சானைச் சும்மா இருக்கச் சொல்லு." அப்புறம் தயங்கித் தயங்கி, "அவர் வாசிக்கும்போது போனை மட்டும் கட் பண்ணாம வையேன். இங்கேயிருந்தே கேட்டுக்கறேன்," என்றான்.

"சரிங்க," என்றாள். நேற்றுச் சொன்ன 'வேண்டாங்க' அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் உள்ளே திரும்பியபோது சூறாவளி எழுந்து நின்றிருந்தார்.

"என்னம்மா, உங்க ஆள் ரொம்பத் தாமதம் பண்றாரே."

"எங்க ஆளா?" என்றான் அண்ணன். "உங்க ஆளுங்களுக்காகத்தானே சார் நாங்க காத்துக்கிட்டிருக்கோம்."

"எனக்கு ஏதுப்பா ஆளுங்க? தனியாத்தானே வந்தேன். நீங்க அனுப்பின பாட்டுல கிட்டார் வாசிச்சாரே, அவரைக் கேக்கறேன்."

அண்ணன் அசடு வழியச் சிரித்தான். "அது நம்ம மாப்பிள்ளைதான் சார். சும்மா மாதிரிக்கு வாசிச்சது. நீங்க வரீங்கன்னதும் அவரோட பகுதியை எடுத்துட்டோம். அவரையும் வேலைக்கு அனுப்பிட்டோம். மொத்த இடமும் உங்களுக்குத்தான்."

சூறாவளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனையோ பேர் கூப்பிடுறாங்க. அவங்களுக்கு என் பேர் வேணும். நானும் போய் வாசிச்சுக் கொடுத்துட்டு வரேன்," என்றார். "இங்கே நானா ஆசைப்பட்டு வந்தது, ஒரே ஒரு தடவை அவர் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கணும்னுதான்."