ஆள் அளவு நிழல்

சட்டையைக் கழற்றி ஜெபமணியிடம் கொடுத்தாள்.

நீலச் சட்டை. முதுகில் கம்பெனி பெயர். பதினோரு வருடமாகச் சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டுதான் ஊரார் கல்யாணங்களுக்கு மேடை கட்டுகிறாள்.

ஜெபமணி வண்டி ஓட்டுகிறவன். காற்று மோட்டாரையும் அவன்தான் பார்த்துக்கொள்வான்.

“எந்த பல்பு போச்சுக்கா?”

“ஒண்ணும் போகல.”

“பொறவு என்ன, காத்து வாங்கவா உள்ள போற?”

“ஆமா.”

சிரிக்க வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மேடைக்குப் பின்னால் ஒரு ஆள் திரும்பும் அளவுக்குச் சந்து. எதிரே காற்றடித்து நிமிர்த்திய துணித் தாமரை. பத்தடி உயரம், உள்ளே ஆறு பல்பு. மோட்டாரை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் படுத்துவிடும்.

அதற்கு அந்தப் பக்கம் அவள் மகள் அனுசியா, கழுத்தில் மாலையோடு.

பெற்றோர் நிற்கிற இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும்.

நேற்று அந்தப் பெரியப்பா, குருசாமி அத்தான், வந்து சொன்னார். தம்பி, அவள் புருஷன், சாரத்திலிருந்து விழுந்து செத்த நாளிலிருந்து அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நின்ற மனிதர். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

“மாப்பிள்ள வீட்டுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. தாலி கட்டையில நீ சமையக்கட்டு வாசல்ல நின்னுக்க தாயி. அங்கன நின்னா எல்லாம் தெரியும்.”

போய் நின்று பார்த்தாள். அவர் சொன்னது பொய் இல்லை. மணை தெரிகிறது. மாப்பிள்ளையின் கை வரும் இடம் தெரிகிறது. மகளின் கழுத்து கூடத் தெரியும்.

அவள்தான் யாருக்கும் தெரிய மாட்டாள்.

ஜிப்பை இழுத்தாள். காற்று முகத்தில் அறைந்தது. உள்ளே நுழைந்து, தாமரை தளரும் முன் மூடினாள்.

உள்ளே வெள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. வெளியே நடப்பது ஒன்றும் தெரியாது. மோட்டார் இரைச்சலுக்கு அடியில் நாயனம் எங்கோ கிடந்தது.

உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே விதி. பல்புக்குப் பின்னால் நில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிச்சயதார்த்தத்தில் தெரியாமல் பல்புக்கு முன்னால் வந்துவிட்டாள். துணியில் விழுந்த நிழலைப் பார்த்து மண்டபமே சிரித்தது. முதலாளி பேயே என்று திட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தாலி. ஒரு போட்டோவிலும் அவள் இல்லை.

பல்பை ஒட்டி நின்றால் நிழல் பூதம் மாதிரி விழும். துணியை ஒட்டி நின்றால் ஆள் அளவு.

மகளுக்கும் இது தெரியும். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு நேரே குடோனுக்குத்தான் வருவாள். அம்மா உள்ளே கிழிசல் ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள் வெளியே இருந்து நிழலின் மூக்கைத் தேடி, துணியோடு சேர்த்துப் பிடிப்பாள். தப்பாமல் பிடிப்பாள்.

இரண்டாவது பல்பைத் தாண்டினாள்.

மூன்றாவதையும்.

முந்தானையைத் தோளில் சரிசெய்தாள். அரக்குச் சேலை. நிழலுக்கு நிறம் கிடையாது. ஆனாலும் அதைத்தான் கட்டியிருந்தாள்.

மகளின் மணைக்கு நேர் பின்னால் எந்த இதழ் என்று அவளுக்குத் தெரியும். மணையைப் போட்டதே அவள்தான்.

துணியை ஒட்டிப் போய் நின்றாள்.

கெட்டிமேளம் வந்தது. இரைச்சலைத் தாண்டி, கால் வழியாக வந்தது.

இரண்டு கையையும் உயர்த்தினாள்.

துணியின் வெளிப்பக்கம் அட்சதை படபடவென்று விழுந்தது. கேமரா வெளிச்சம் வெட்டியது. ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ணவில்லை.

பின்னால் சந்தில் யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுக் குரல்.

“உள்ள யாருய்யா? நெழலு விழுது.”

“பல்பு போயிருச்சு அண்ணாச்சி. மாத்துதாக.” ஜெபமணி.

“இப்பத்தான் மாத்தணுமா?”

“இப்பத்தான போச்சு.”

கையை இறக்கினாள். போகவில்லை.

இனி மணவறையைச் சுற்றுவார்கள். மூன்று சுற்று. மணைக்கும் துணிக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான் விட்டிருந்தாள். முழம் போட்டு அளந்து விட்ட இடம்.

முதல் சுற்றில் துணி லேசாக உரசி அடங்கியது. மாலையாக இருக்கும்.

இரண்டாவது சுற்றில் அதுவும் இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் வெள்ளைதான்.

மூன்றாவது சுற்றில் கொலுசுச் சத்தம் அருகே வந்தது. நின்றது.

“ஏன் நின்னுட்ட, நட தாயி.” குருசாமி அத்தான் குரல்.

முகத்துக்கு நேரே துணி உள்வாங்கியது.

இரண்டு விரல். தேடவே இல்லை. நேரே வந்து மூக்கைப் பிடித்தன.