உறைந்துபோன காற்றுப்பை

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு குட்டி விமானம் பத்திரமாகத் தரையிறங்கியாக வேண்டும், அதுவரை பொறுங்கள்.

வடக்கே, பனி மூடிய ஓடுபாதை ஒன்றில் வாயாடி என்ற அண்டங்காக்கை இருந்தாள். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். அன்று காற்றின் திசை காட்டும் துணிப்பை உறைந்துபோய், நேற்றைய காற்றையே காட்டிக்கொண்டு விறைத்து நின்றது. அதை நம்பி இறங்கினால் காற்று முதுகில் தள்ளும். விமானம் நிற்க முடியாமல் ஓடி, பாதை முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழும்.

“அண்ணே, பை பொய் சொல்லுது. எதிர்ப்பக்கமா வாங்க,” என்று, இறங்க வந்துகொண்டிருந்த குட்டி விமானத்திடம் கத்தினாள்.

“போடி. காக்கா பேச்சைக் கேட்டுத் திரும்புறவனா நான்? கோபுரத்து ஐயா சொல்லட்டும்,” என்றது விமானம்.

வழி சொல்லும் கோபுரமோ குளிரில் தொண்டை கட்டிக் கிடந்தது. வாயாடி அதன் உச்சியில் உட்கார்ந்து, அதைப் போலவே கனமாகச் செருமினாள்.

“தம்பி, கோபுரம் பேசுறேன். சுத்திக்கிட்டு எதிர்ப்பக்கமா இறங்குப்பா.”

“உத்தரவுங்க ஐயா.”

விமானம் வட்டமடித்து, எதிர்க்காற்றில் மெத்தையில் உட்காருவதுபோல் இறங்கி, பாதை முடிவதற்கு வெகு முன்னாலேயே நின்றது. வாயாடி வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டு உச்சிக்குத் திரும்பினாள்.

விமானம் கோபுரத்தடிக்கு உருண்டு வந்தது. “உங்க அனுபவம் யாருக்கு வரும் ஐயா. நடுவுல ஒரு காக்கா வேற உளறிச்சு.”

“அப்படியா தம்பி? அதுக்கு ரெண்டு ரொட்டித் துண்டு போட்டுடு,” என்றது கோபுரத்தின் குரல்.

விமானம் அண்ணாந்து பார்த்தது. கோபுரத்தின் ஜன்னலெல்லாம் இருட்டு. உச்சியில் ஓர் அலகு மட்டும் திறந்து மூடியது.

“அடியே, நீயா?”